உட்கார்ந்த உடம்புக்கு அளவெடுப்பது

(ஆம்பூரில் தோல் பொருள் கைவினைஞர்களும் தோல் தொழில்நுட்ப மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஆம்பூருக்கு வந்து தோலைப் பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தோலைத் தடவிப் பார்த்தே வெள்ளாடா, செம்மறியா, எருமையா, முதுகுப் பக்கமா, வயிற்றுப் பக்கமா என்று சொல்லிவிடுவீர்கள். அதனால் தோலைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்த நான் வரவில்லை. அதைப் போட்டுக்கொள்கிற ஆளைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். காலையில் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறி, இரவு வரைக்கும் அதிலேயே இருக்கிற ஆளைப் பற்றி.

நாம் எடுக்கிற அளவெல்லாம் நிற்கிற ஆளுக்கு எடுத்தது. பெல்ட், ஜாக்கெட், தோள்பை, ஷூ எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே பெல்ட்டை நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் கட்டினால் பக்கிள் அடிவயிற்றில் குத்தும். ஜாக்கெட் முன்னால் மூட்டையாகச் சுருண்டு, பின்னால் முதுகைவிட்டு மேலே ஏறும். தோள்பையின் வார் நழுவிச் சக்கரத்தில் மாட்டும். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்தால் என்ன ஆகும் என்று பிறகு சொல்கிறேன், அது தனிக் கதை.

வேலூரிலிருந்து ஆரம்பிக்கிறேன். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றுதான் அதுவரைக்கும் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. உணர்ச்சி செத்துப்போனதால் முள்ளும் சூடும் செருப்பின் உறுத்தலும் தெரியாமல் வந்த புண்களே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்று பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் காட்டினார்கள். பிறகு அவர்கள் எதில் இறங்கினார்கள் தெரியுமா? செருப்பில். மெத்தென்ற நுண்ணறை ரப்பரை உள்ளே வைத்து, ஆணி இல்லாமல், பாதத்தின் பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் செருப்பு தைக்கச் சொல்லி, மருத்துவமனைக்குள்ளேயே செருப்பு தைப்பவர்களை உட்கார வைத்தார்கள். நம் வட்டாரத்தில் நம் தொழில் மருத்துவத்துக்குள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

அதே மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்று ஓர் இளம் மருத்துவர் இருந்தார். 1954-இல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து அந்தத் துறையை வேலூரில் வளர்த்தார். 1966-இல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தொழுநோயாளியின் பாதமும் முதுகுத்தண்டு அடிபட்டவரின் தொடையும் நம்மைப் பொறுத்தவரை ஒன்றுதான். இரண்டுக்கும் வலி தெரியாது. நாம் தைத்த பொருள் கடித்தால் போட்டிருப்பவர் ‘ஐயோ’ என்று சொல்லமாட்டார். அந்த ‘ஐயோ’வை நாம்தான் முன்கூட்டியே கேட்கவேண்டும். நான் இன்று சொல்ல வந்ததே அவ்வளவுதான். மீதியெல்லாம் தையல் விவரம்.

தையல் விவரத்துக்கு வருகிறேன்.

உள்பக்கத்தில் ஒரு தையல் மேடு ஒன்றரை மில்லிமீட்டர் எழுந்திருந்தால் எனக்கும் உங்களுக்கும் அது ஒன்றுமில்லை. இரண்டு நிமிடத்தில் நம்மை அறியாமலே நகர்ந்து உட்கார்ந்துவிடுவோம். நகர முடியாதவருக்கு அந்த மேடு மணிக்கணக்காக ஒரே இடத்தை அழுத்தும். அழுத்தின இடத்தில் ரத்த ஓட்டம் நிற்கும், சதை உள்ளுக்குள்ளேயே சாகும். மேலே தெரிகிற புண் சிறியது, உள்ளே குழி பெரியது. படுக்கைப் புண் என்கிறோமே, அது. ஆற மாதங்கள் ஆகும், எலும்பு வரைக்கும் போனால் உயிருக்கே உலை வைக்கும். பின்பாக்கெட் பர்ஸின் கதை இப்போது புரிந்திருக்கும். ஆகவே மடிப்பும் முடிச்சும் ரிவெட்டின் தலையும் வெளிப்பக்கம் இருக்கட்டும். உடம்பைத் தொடுகிற பக்கத்தில் முழு லைனிங் ஒரே துண்டாகப் போகட்டும். அழகு கொஞ்சம் குறையும். குறையட்டும்.

இன்னொரு அபாயம் இதைவிட வேகமானது. ஆறாவது மார்பு முள்ளெலும்புக்கோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, உணர்ச்சியில்லாத பகுதியில் ஏதாவது இறுக்கிப்பிடித்தால் உடம்பு அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு ரத்த அழுத்தத்தை ஒரேயடியாக ஏற்றிவிடும். தலை வெடிப்பதுபோல வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பினாலோ மலச்சிக்கலாலோ இப்படி வரும். இறுக்கமான பெல்ட்டும் ஷூவும்கூட இதைக் கிளப்பிவிடும். அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, உடம்பில் இறுக்கமாக இருப்பதையெல்லாம் தளர்த்தி, மருத்துவரைக் கூப்பிடவேண்டும். அந்த நேரத்தில் நாம் போட்ட மூன்று பக்கிளை யார் நிதானமாகக் கழற்றிக்கொண்டிருப்பது? ஒரே இழுப்பில் அவிழாத எதையும் இவர்களுக்குக் கட்டாதீர்கள்.

இப்போது கைக்கு வருவோம். சக்கர நாற்காலிக்காரருக்குக் கைதான் கால்.

சக்கரத்தைத் தள்ளுகிற வளையத்தில் உள்ளங்கையின் அடிப்பாகமும் கட்டைவிரல் மேடும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டும் உரசும். சரிவில் இறங்கும்போது அந்தக் கைதான் பிரேக், உள்ளங்கை கொதிக்கும். மே மாத வெயிலில் நிறுத்தி வைத்த நாற்காலியின் இரும்பு வளையத்தை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், சொல்லத் தேவையில்லை. நான் கையுறைக்கு உள்ளங்கையில் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் வரை பசு அல்லது எருமைத் தோல் வைக்கிறேன். உள்ளே 0.6 ஆட்டுத் தோல். உள்ளங்கையிலும் கவட்டிலும் தையலே வரக்கூடாது. தோலைக் கட்டைவிரலைச் சுற்றிக் கொண்டுபோய்ப் புறங்கையில் சேர்க்கவேண்டும். பேட்டர்ன் போடும்போது தோல் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும், கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். முதலில் தேய்வது உள்ளங்கையின் அடிப்பாகம். அங்கே பிரித்துத் தைக்கக்கூடிய மாதிரி தனி ஒட்டு வையுங்கள். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய கையுறை சீக்கிரமே குப்பைக்குப் போகும்.

கழுத்தில் அடிபட்டு விரல்கள் மடங்காமல் போனவர்களுக்குக் கையுறை வேறு மாதிரி. அவர்கள் வளையத்தைப் பிடிப்பதில்லை. இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தித் தள்ளுகிறார்கள். வழுவழுப்பான பக்கம் வெளியே இருந்தால் கை வழுக்கும். சொரசொரப்பான சதைப்பக்கத்தை வெளியே திருப்பி வையுங்கள், அல்லது புள்ளி ரப்பர் ஒட்டுங்கள். ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். இவர்களில் பலருக்கு மணிக்கட்டை மேலே தூக்குகிற சக்தி மட்டும் மிஞ்சியிருக்கும். மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் தாமாகவே உள்பக்கம் சுருண்டு ஒரு சின்னப் பிடி கிடைக்கும். டம்ளரை எடுப்பதும் காகிதத்தை எடுப்பதும் அந்தப் பிடியை வைத்துத்தான். சிகிச்சையாளர்கள் மாதக்கணக்கில் பழக்கி வளர்த்தது அது. நாம் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கட்டும் என்று விறைப்பான தோலை மணிக்கட்டுக்கு மேலே நான்கு அங்குலம் ஏற்றினால், அவருடைய மிச்சமிருந்த பிடியும் போய்விடும். மணிக்கட்டு மடிகிற கோட்டுக்குக் கீழேயே நிறுத்திவிடுங்கள்.

பனைமரத்திலிருந்து விழுந்த ஒரு தம்பிக்கு இப்படி ஒரு ஜோடி தைத்தேன். நல்ல பக்கிள், பித்தளை. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, இத போடறதுக்கு ஆள் வேணும், கழட்டறதுக்கும் ஆள் வேணும். பல்லால இழுக்கற மாதிரி ஒரு வளையம் வைங்கண்ணே.” பக்கிளை எடுத்துவிட்டு அகலமான வெல்க்ரோவும், அதன் நுனியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு தோல் வளையமும் வைத்தேன். இப்போது அவர் கட்டைவிரலை நுழைத்தும் இழுக்கிறார், பல்லாலும் இழுக்கிறார். வாயில் வைக்கிற துண்டு என்பதால் அதற்குச் சாயமும் பூச்சும் இல்லாத தோல்.

இதைவிடச் சின்னப் பொருள் ஒன்று இருக்கிறது. நாம் செய்யக்கூடியதிலேயே அதிகம் பயன்படுவது அதுதான். உள்ளங்கைப் பட்டை. நான்கு செ.மீ. அகலத்தில் கையைச் சுற்றி வருகிற ஒரு வார். உள்ளங்கைப் பக்கம் சின்னதாக ஒரு பை. அந்தப் பையில் ஸ்பூனின் காம்பைச் செருகினால் விரல் மடங்காதவரும் தன் சோற்றைத் தானே சாப்பிடலாம். பேனாவைச் செருகினால் கையெழுத்துப் போடலாம். பல் துலக்கும் பிரஷ், சீப்பு, செல்போனைத் தட்டும் குச்சி, எதுவும் நிற்கும். உலகம் முழுக்க மறுவாழ்வு மருத்துவமனைகளில் இருக்கிற பழைய உத்திதான், கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு அதில் சில திருத்தம் வேண்டும். சாம்பாரும் மோரும் பையின் அடியில் போய்த் தங்கும், இரண்டே நாளில் நாறும். அடியில் ஒரு துளை விட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் எனக்குப் பிடித்த தோல். ஆனாலும் தினம் மூன்று வேளை நனைந்து காய்ந்தால் அது விறைத்துப்போகும், மஞ்சள் கறையும் போகாது. இந்த ஒரு பொருளுக்கு மென்மையான குரோம் தோல்தான் நல்லது. குரோம் என்றால் நம்பிக்கையான டேனரியின் தோல். சரியாகப் பதனிடாத தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் உருவாகித் தோல் அரிப்பைக் கொண்டுவரும். ஐரோப்பாவுக்கு அனுப்பும் சரக்கில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்று 2015 முதல் சட்டம் இருப்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஜெர்மனிக்காரர் காலுக்குப் பார்க்கிற அந்த டெஸ்ட் ரிப்போர்ட்டைக் குடியாத்தத்துக்காரர் கைக்கும் பாருங்கள்.

அடுத்தது பை. ஒரு பெட்டிக்கடைக்கார அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு காலும் வராது, கையில் நல்ல வலு. அவருக்கு நாற்காலியின் முதுகில் மாட்டுகிற பை ஒன்று செய்து தரலாம் என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்கவிடவில்லை. “தம்பி, பின்னாடி மாட்டற பை தள்றவங்க பை. எங்காசு எங்கையிலயே இருக்கணும்.”

யோசித்துப் பாருங்கள். கடைகளில் கிடைக்கிற சக்கர நாற்காலிப் பைகளில் பெரும்பாலானவை முதுகில் மாட்டுபவை. அதில் என்ன இருக்கிறது, யார் எடுத்தார்கள் என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. எடை குறைந்த நாற்காலியாக இருந்தால் பின்னால் ஏறுகிற ஐந்து கிலோ, சாய்தளத்தில் ஏறும்போது ஆளையே மல்லாக்கக் கவிழ்க்கப் பார்க்கும். சரி, பக்கவாட்டில் வைக்கலாம் என்றால் சக்கரத்துக்கு வெளியே துருத்தி வாசல்நிலையில் இடிக்கும். நம் வீட்டு வாசல்களும் குளியலறைக் கதவுகளும் எவ்வளவு அகலம் என்று உங்களுக்கே தெரியும். மடியில் வைத்தால் உள்ளே இருக்கிற சாவிக்கொத்து தொடையை அழுத்தும். மிச்சமிருப்பது இரண்டு இடங்கள்: தொடைக்கும் கைப்பிடித் தகட்டுக்கும் நடுவில் தட்டையாக ஒன்று, சீட்டின் முன் விளிம்பிலிருந்து முழங்கால்களுக்கு நடுவே தொங்குகிற மாதிரி ஒன்று. தொங்குகிற பை ஆடி ஆடிக் கெண்டைக்காலை உரசாமல் கீழேயும் ஒரு பிடிப்பு வேண்டும்.

அளவெடுக்கும்போது ஆளோடு சேர்த்து நாற்காலியையும் அளக்கவேண்டும். குழாயின் விட்டம் பெரும்பாலும் 22 அல்லது 25 மில்லிமீட்டர், வாரை அதற்குத் தகுந்தபடி வெட்டுங்கள். இரண்டு பக்கக் குழாய்களையும் சேர்த்து இறுகக் கட்டிவிட்டால் நாற்காலியை மடக்கவே முடியாது. ஆட்டோவில் எப்படி ஏற்றுவார்கள்? மடக்குகிற அந்த எக்ஸ் அமைப்பு எப்படி வந்தது என்பதும் நமக்குத் தெரிந்திருக்கவேண்டிய கதை. அமெரிக்காவில் சுரங்க விபத்தில் முதுகு ஒடிந்த எவரெஸ்ட் என்ற எஞ்சினியரும், அவருடைய நண்பரான ஜென்னிங்ஸ் என்ற எஞ்சினியரும் சேர்ந்து 1930-களில் உருவாக்கியது. காரில் ஏற்ற முடியவில்லை என்று உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்ததால்தான் மடக்கு நாற்காலி வந்தது.

கை எவ்வளவு தூரம் போகிறது என்பதைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் குனிந்தால் திரும்ப நிமிர முடியுமா என்று கேளுங்கள், பலரால் முடியாது. எந்தக் கை வலுவான கை என்று கேளுங்கள். பையின் வாய் அந்தக் கை எட்டுகிற வட்டத்துக்குள் இருக்கவேண்டும். ஜிப் வைத்தால் அதன் நுனியில் பெரிய வளையம். ஒரு கையால் திறக்கும்போது பை கூடவே வராமல் இருக்க எதிர்முனையை இறுகக் கட்டவேண்டும்.

கேட்காமலே செய்து கொடுக்கவேண்டிய ஒன்று மடித்தோல். டீ டம்ளரையும் சோற்றுத் தட்டையும் இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு எப்படிக் கொண்டுபோவது? மடியில்தான். உணர்ச்சியில்லாத தொடையில் சூடான பாத்திரத்தை வைத்துக் கொப்புளம் வந்தவர்கள் ஏராளம். 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தோல், அடியில் ஃபெல்ட், சுற்றிலும் விரற்கடை உயரத்துக்கு நனைத்து மடக்கிய விளிம்பு. இதற்குப் பட்டை பதனிட்ட தோல்தான் சரி, நனைத்து மடக்கினால் சொன்ன வடிவத்தில் நிற்கும்.

ஷூவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இந்த ஊரில் அதற்குமேல் வேண்டாம். தொங்கியபடியே இருக்கிற கால் சாயங்காலத்துக்குள் வீங்கும், ஆகவே அளவை மாலையில் எடுங்கள். மாட்டும்போது உள்ளே விரல் மடங்கிக்கொண்டால் அவருக்குத் தெரியாது. அதனால் ஷூவின் வாய் விரல்நுனி வரைக்கும் திறந்து, கண்ணால் பார்த்து மூடுகிற மாதிரி இருக்கட்டும். நடக்காத காலுக்குக் கனமான சோல் வேண்டாம். ஆனால் கால் துள்ளி மிதிபலகையிலிருந்து விழாமலிருக்க அடியில் வழுக்காத ரப்பர் வேண்டும்.

தோல் போகக்கூடாத இடங்களும் உண்டு, வாடிக்கையாளர் கேட்டாலும். “கார் சீட்டு மாதிரி தோல்ல ஒரு குஷன் கவர் போட்டுக் குடுங்க” என்பார்கள். மறுத்துவிடுங்கள். காற்று மெத்தையோ ஜெல் மெத்தையோ, இடுப்பெலும்பு அதற்குள் அமிழ்ந்தால்தான் பாரம் பரவும். மேலே இழுத்துக் கட்டிய தோல் அமிழவிடாது. அத்தோடு வியர்வையைப் பிடித்துவைக்கும், ஈரமான சதை சீக்கிரம் கிழியும். சமயத்தில் நல்ல வியாபாரத்தை விடவேண்டியிருக்கிறது. இதேபோல, வேனில் போகும்போது ஆளைப் பிடித்துவைக்கிற பாதுகாப்பு பெல்ட்டைத் தோலில் செய்யாதீர்கள். தோல் இழுபடும். அது நெய்த நாடாவின் வேலை.

எதைச் செய்தாலும் முதலில் ரெக்சினிலோ பழைய ஜமக்காளத்திலோ ஒன்று செய்து கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் கால் மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டவேண்டும். கழற்றின பிறகு உடம்பின் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தத் தடம் அரைமணி நேரத்தில் மறையவில்லை என்றால் பேட்டர்ன் தப்பு. புத்தகங்களில் ‘சிவந்திருக்கிறதா பார்’ என்று எழுதியிருப்பார்கள். அது வெள்ளைத் தோலுக்கு எழுதியது. நம் மாநிறத்தில் சிவப்பு தெரியாது. வீட்டிலிருப்பவர் புறங்கையை வைத்துப் பார்க்கவேண்டும். அந்த இடம் மட்டும் சுடுகிறதா, சுற்றுப்பக்கத்தைவிடக் கெட்டியாக இருக்கிறதா? அப்படி இருந்தால் உடனே நிறுத்தவேண்டும்.

கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. இலவசமாகக் கொடுக்காதீர்கள். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். தானமாகக் கொடுத்த பொருளைப் பற்றி வாங்கியவர் வாய்திறக்கமாட்டார். கடித்தாலும் ‘நல்லாத்தான் இருக்கு சார்’ என்பார். ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கினவர் மறுநாளே வந்து சண்டை போடுவார். அந்தச் சண்டையில்தான் பேட்டர்ன் திருந்தும். அவரால் முடிந்த விலையைச் சொல்லுங்கள், மிச்சத்தை வேறு எங்கேயாவது ஈடுகட்டிக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு கோரிக்கை. இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஹேண்ட்பேக் டிசைன் செய்து அலுக்கவில்லையா? வேலூருக்குப் போங்கள், மறுவாழ்வுப் பிரிவில் செயல்முறைச் சிகிச்சையாளர்களைப் பாருங்கள், ‘உங்களிடம் எது சரியில்லாமல் இருக்கிறது’ என்று கேளுங்கள். பை நிறைய வேலையோடு திரும்புவீர்கள்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கட்டிங் டேபிளில் தினமும் விழுகிற கழிவில் முப்பது செ.மீ. நீளமும் நான்கு செ.மீ. அகலமும் தேறுகிற துண்டுகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். உள்ளங்கைப் பட்டைக்கு அவ்வளவு தோல் போதும். பெரியவர், நடுத்தரம், சிறுவர் என்று மூன்று அளவில் அதன் பேட்டர்னை அட்டையில் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். மேடைக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறது. பேட்டர்ன் இலவசம்தான், எடுத்துப் போங்கள். சரியில்லை என்றால் என்னிடம் வந்து சண்டை போடுங்கள்.